பதினேழாவது நிமிஷம்

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு பிளக்ஸ் கடை திறந்திருக்கிறார்கள். போன வாரம் மெஷினை இறக்கினார்கள். நேற்று முதல் ஓடுகிறது. காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தபோது படிக்கட்டு முழுக்க அந்த மை வாசனை ஏறி நின்றது. மண்ணெண்ணெயும் நகப்பூச்சும் கலந்ததுபோல் மூக்கில் குத்துகிற வாசனை. எதிர்வீட்டு அம்மா, சங்கத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்றார். நானும் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பிறகு பாலை அடுப்பில் வைக்க மறந்து கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் துப்பட்டாவில், தலைமுடியில், நீ எனக்கு நீட்டுகிற சாப்பாட்டு டப்பாவின் மூடியில்கூட இருந்த வாசனை அது.

நீ போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று நாலைந்து முறை உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நம் பழைய நாட்களை அழகாக எழுதத் தொடங்கி, பாதியில் கிழித்துப் போட்டிருக்கிறேன். எதையும் அழகாக எழுதிவிடுவது எனக்கு ஒரு நோய். இந்த முறை நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. சேலம் சாலையில் ஒரே கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கடைகள் நமக்கு. நான் ஜெராக்ஸும் பிரவுசிங்கும் உள்ள கடையில் இருந்தேன். பி.ஏ. முடித்துவிட்டுக் கல்யாணம் கூடிவரும்வரை ஒரு வேலை என்று, ரிஷிவந்தியத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனேன். நீ பிளக்ஸ் கடையில் டிசைனர். கருணாபுரத்திலிருந்து நடந்தே வருவாய். அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போக, நீ பத்தாவதோடு நிறுத்திவிட்டு டி.டி.பி. கற்றுக்கொண்டவள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் உன் மவுஸ் வழியாகத்தான் பேனரில் ஏறியது.

தினமும் மதியம் கரண்ட் போகிற காலம் அது. உங்கள் மெஷின் நின்றுவிடும். எங்கள் கடையில் மட்டும் யு.பி.எஸ். தயவில் ஒரு கம்ப்யூட்டர் அரைமணி நேரம் உயிரோடு இருக்கும். அந்த அரைமணி நேரத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எதையோ தேடப்போய், முகம் தெரியாத ஆட்கள் தாங்களே செய்த இசையை ஏற்றிவைக்கும் ஒரு தளத்துக்குள் நான் போய் விழுந்தேன். வடகிழக்கு மலை ஊர் ஒன்றைச் சேர்ந்த இரண்டு பையன்கள் கிடாரையும் தையல் மெஷினையும் சேர்த்து வாசித்திருந்தார்கள். பதிவு கெட்டுப்போயிருக்கிறது என்று நான் மூடப்போனேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாய்.

"இவன் தைக்கலடி. துணி வெக்காம சும்மா ஓட்டிக்கினு கீறான். அதான் இப்டி கேக்குது."

கீழே ஆங்கிலத்தில் இருந்த குறிப்பைப் படித்தேன். துணியில்லாமல் மெஷினை ஓட்டியதாகத்தான் அவர்களும் எழுதியிருந்தார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, கேட்டால் தெரிகிறதே என்றாய்.

அதற்குப் பிறகு காலையில் ஆள் வருவதற்குள் நான் தேடி இறக்கி வைப்பேன். மதியம் கடைகளின் பின்பக்கம், காலி பிளக்ஸ் உருளைகள் அடுக்கிக் கிடக்கும் இடத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்போம். உறைந்துபோன ஏரிக்குள் மைக்கை இறக்கி, பனி விரிசல் விடுவதைப் பதிவு செய்திருந்த ஒரு கிழவர். வேலிக் கம்பியை வயலின் வில்லால் இழுத்த ஒரு பெண். தன் குழந்தையின் விக்கலை மட்டும் வைத்துப் பாட்டு கட்டியிருந்த ஒருவன். அவர்கள் மொழி தெரியாது, ஊர் தெரியாது, எதற்காக இதைச் செய்கிறார்கள் என்றும் தெரியாது. சினிமாப் பாட்டைத் தவிர உலகத்தில் வேறென்னவோ நடந்துகொண்டிருக்கிறது, சேலம் சாலையில் அதைக் கேட்பது நாம் இரண்டு பேர்தான் என்ற நினைப்பே அத்தனை சந்தோஷமாக இருந்தது.

அந்த ஏரிப் பதிவைக் கேட்ட அன்று அதை மறுபடி முதலிலிருந்து ஓட்டச் சொன்னாய். பிறகு சொன்னாய்: "சத்தத்துல ஒன்னும் இல்லடி. சத்தம் வர்றதுக்கு முன்னாடி ஒரு பயம் கீது பாரு, அதான் பாட்டு."

நான் அன்று மாலையே இணையத்தில் ஒரு வலைப்பூ தொடங்கினேன். முதல் கட்டுரையின் கடைசி வரி இது: 'ஒலியைவிட, ஒலி பிறப்பதற்கு முந்தைய அச்சமே இங்கே இசையாகிறது.' உன் பேச்சுக்கு இஸ்திரி போட்டு என் பெயரில் மாட்டிவிட்டேன். அப்போது அது எனக்குத் திருட்டாகத் தெரியவில்லை. நீ சொன்னாய், நான் எழுதினேன், அவ்வளவுதான் என்று இருந்தது. தமிழில் இந்த மாதிரி இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் அப்போது குறைவு. சென்னையிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கடிதங்கள் வந்தன. உங்கள் காது அபாரம் என்று எழுதினார்கள். அவற்றை நான் உனக்குப் படித்துக் காட்டினேன். நீயும் என்னோடு சேர்ந்து சிரித்தாய்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் நீ ஒரு படம் செய்து தருவாய். மெஷினில் மை அடைத்துக்கொண்டாலோ ஒரு பிரின்ட் மேல் இன்னொன்று ஏறிவிட்டாலோ அந்தத் துண்டு குப்பைக்குப் போகும். நீ அதை எடுத்துக்கொள்வாய். ஒரு தலைவரின் கன்னத்தில் காதுகுத்துக் குழந்தையின் கண் திறந்திருக்கும். கண்ணீர் அஞ்சலியின் மாலைக்குள் ஜவுளிக்கடை விளம்பரத்துப் பட்டுப்புடவை ஓடும். வேண்டிய இடத்தை வெட்டி, எனாமல் பெயின்டால் சிலதை மறைத்து, சிலதைச் சுரண்டி, போனில் படமெடுத்துக் கொடுப்பாய். இசையைப் பற்றி நான் எழுதிய பத்து வரியைவிட உன் ஒரு துண்டு பிளக்ஸ் அதிகம் சொல்லும்.

உன் பெயரை நான் போடவில்லை. ஒருமுறை, ஒரே ஒருமுறை, நீ கேட்டாய். உன் ஓனர் பார்த்தால் கடைச் சாமானை எடுத்ததற்குத் திட்டுவார் என்று சொன்னேன். "சரிடி, ஒன் பேரே இருக்கட்டும்" என்றாய். அதற்கு முன்பே ஒருநாள், அந்தத் துண்டுகளைச் சீக்கிரம் அள்ளிக்கொண்டு போ என்று உன் ஓனர் உன்னிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அது உனக்கும் ஞாபகம் இருந்திருக்கும். உன்னை ரிஷிவந்தியத்தில் எங்கள் வீட்டுக்கு நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஏன் என்று நீ கேட்டதில்லை. காரணம் இரண்டு பேருக்குமே தெரியும்.

எனக்குச் சென்னையில் மாப்பிள்ளை நிச்சயமான மாதம், ஏதோ கடையடைப்பு என்று ஒருநாள் விடுமுறை கிடைத்தது. காலையிலேயே வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, பெரியார் அருவியில் இறங்கினோம். நீ புதிதாக வாங்கிய செகண்ட்ஹேண்ட் போனில் பதிவு நன்றாக வரும் என்று வழியெல்லாம் பிடித்துக்கொண்டே வந்தாய். பஸ்ஸின் தகரம் அதிர்வதை, கொண்டை ஊசி வளைவில் கியர் மாறுவதை, மலைக்கார அம்மா ஒருவர் கடுக்காயைத் தகர டின்னில் கொட்டுவதை. அருவிப் பாறையில் போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். அன்று நான் அழுதேன், ஏதேதோ பேசினேன். பேசியதைப் பிற்பாடு வசதியாக மறந்துவிட்டேன்.

சென்னைக்கு வந்தபின் என் எழுத்துக்குப் பெயர் வந்தது. கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். என் வாயிலிருந்த ஊர்ப்பேச்சின் 'இன்னா'வும் 'வூடு'ம் எப்போது உதிர்ந்தன என்று எனக்கே தெரியாது. நீ ஊரிலிருந்து வாரம் ஒருமுறை பேசுவாய். புதிதாக எதைக் கேட்டாய், அது எப்படி இருந்தது என்று சொல்வாய். நான் ஒரு கையில் போனையும் மறு கையில் பேனாவையும் வைத்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை, ஓவியக் கூடம் ஒன்றில் புதிய இசை கேட்கும் நிகழ்ச்சி. நான்தான் பேச வேண்டும். கடைசியில் வந்திருப்பவர்கள் தாங்கள் செய்ததைப் போட்டுக் காட்டலாம் என்று அறிவித்திருந்தார்கள். நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாய். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்த கசங்கிய சுடிதாரும், செய்தித்தாளில் சுற்றிய பிளக்ஸ் படங்களும், கையில் ஒரு பென் டிரைவுமாக நின்றாய். நிகழ்ச்சி நடத்துகிறவர், இவங்க யார் என்று என்னிடம் கேட்டார்.

"ஊர்ல தெரிஞ்சவங்க. பேனர் டிசைன் பண்றாங்க."

இவங்களும் ஏதாவது போடப்போறாங்களா என்றார். இல்லை, சும்மா பார்க்க வந்திருக்காங்க என்றேன். நீ இரண்டடி தள்ளி நின்றிருந்தாய். பென் டிரைவ் இருந்த கையை மெதுவாகப் பைக்குள் விட்டதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மேடைக்குப் போனேன். அன்று கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்து, ஒலி பிறப்பதற்கு முந்தைய அச்சம் என்ற என் வரியைச் சொல்லி, பல வருடங்களாக அதைச் சுமந்து திரிவதாகச் சொன்னார். கடைசி வரிசையில் நீ உட்கார்ந்திருந்தாய். நான் கைகூப்பி நன்றி சொன்னேன்.

கோயம்பேட்டில் உன்னைப் பஸ் ஏற்ற வந்தேன். "நல்லா பேசினடி. தெளிவா இருந்துச்சி" என்றாய். குத்தலாகச் சொல்லவில்லை. உனக்குக் குத்தலாகப் பேசத் தெரியாது. படங்களை என் கையில் கொடுத்து, உனக்குத்தான் எடுத்தாந்தேன் என்றாய். நான் அவற்றைப் பரணில் போட்டேன்.

சில மாதம் கழித்து உன் பதிவை எனக்கு அனுப்பினாய். நாற்பத்தொரு நிமிஷம். 'ஈரம், தொடாதே' என்று பெயர் வைத்திருந்தாய். புதிதாக அச்சான பேனரைக் காயப்போடும்போது நீங்கள் மாட்டுகிற அட்டையின் வாசகம் அது. உங்கள் கடை மெஷின் இப்படியும் அப்படியும் ஓடுகிற சத்தத்தோடு தொடங்கியது. மூன்று நிமிஷம் கேட்டேன், நிறுத்திவிட்டேன். வேலை இருந்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சுமாராக இருந்திருந்தால் முழுதும் கேட்டிருப்பேன். அந்த மூன்று நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது, இது நன்றாக இருக்கப்போகிறது என்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து நீ கூப்பிட்டாய்.

"கேட்டியாடி?"

"கேட்டேன். நல்லா இருக்கு."

"முழுசாவா? பதினேழாவது நிமிஷம் கேட்டல்ல?"

"கேட்டேன்டி."

"அத வெச்சிக்கட்டுமா? ஒனக்கு ஒன்னும் இல்லியே?"

அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்காதது வெளியே தெரியக்கூடாது, அக்கறையாக ஒரு கருத்தும் சொன்னதாக இருக்க வேண்டும். அதனால் சொன்னேன்: "அந்த இடம் கொஞ்சம் ஜாஸ்தியா படுது. எடுத்துட்டா நல்லது."

 "சரிடி, எடுத்துடறேன்" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகும் பேசினோம். ஆனால் புதிதாகக் கேட்டதைப் பற்றி நீ சொல்வது குறைந்துபோயிற்று. உனக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

டெங்கு என்றார்கள். ஐந்தே நாள். உன் தங்கை கூப்பிட்டுச் சொன்னபோது எனக்கு அவள் குரல்கூட அடையாளம் தெரியவில்லை. நான் கருணாபுரம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தெருமுனையில் உன் கடைக்காரர்கள் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனர். அந்த மாலையும் மெழுகுவர்த்தியும் நீ வரைந்து வைத்த மாதிரிதான். ஊரில் எத்தனையோ பேருக்குப் போட்டது. நடுவில் உன் பெயர், ஆள் உயரத்துக்கு. உன் பெயரை அச்சில் நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான்.

ஆறேழு மாதம் போயிருக்கும். புதுச்சேரியில் சிறிய அளவில் இப்படிப்பட்ட இசையை வெளியிடுகிற ஓர் இளைஞர், நீ உயிரோடு இருந்தபோதே உன்னிடம் பேசியிருந்தாராம். இப்போது உன் பதிவை வெளியிட விரும்புகிறாராம். ஒரு சந்தேகம் இருக்கிறது, நீங்கள் வந்து கேட்டுச் சொல்லுங்கள் என்று உன் தங்கை கூப்பிட்டாள். தான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்கு லீவு போட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தாள். உன் கம்ப்யூட்டரில் அந்த இடத்தை மட்டும் ஓட்டிக் காட்டினாள். அருவிச் சத்தம் ஏறிக்கொண்டே வந்து, பதினேழாவது நிமிஷத்தில் சட்டென்று அறுந்தது. இரண்டு நிமிஷத்துக்கு ஒன்றுமே இல்லை. பிறகு வேறொரு சத்தம் தொடங்கியது. கெட்டுப்போயிருக்கிறதா, ஒட்டிவிடலாமா என்று அந்த இளைஞர் கேட்டாராம்.

"கெட்டுப்போவலக்கா. எங்கக்காதான் எடுத்துச்சி. ஒரு ஞாயித்துக்கெழம பூரா ஒக்காந்து எடுத்துச்சி. ஒட்டிடேன்னு நாங்கூட சொன்னேன், அப்டியே கெடக்கட்டும்னிச்சி. இன்னா இருந்துச்சின்னு கேட்டதுக்கு, அவளுக்கு அது வேணாமாம், அப்டின்னிச்சி. அவள்னா நீங்கதானேக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை என்று சொன்னேன். ஞாபகம் இருந்தது. அங்கே என்ன இருந்தது என்பதுதான் தெரியாது.

திரும்பிப் போகிற பஸ்ஸில், உளுந்தூர்பேட்டை தாண்டியதும், நீ முதலில் எனக்கு அனுப்பியதைத் தேடி எடுத்தேன். இயர்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு நாற்பத்தொரு நிமிஷமும் கேட்டேன். மெஷின் சத்தம் எந்த இடத்தில் பஸ்ஸாக மாறியது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. பதிவுக்குள் கரும்பு டிராக்டர்கள் போயின. கண்டக்டர் வெள்ளிமலை வெள்ளிமலை என்று கூவிய குரல் மெல்ல ஒரே மெட்டாகி, அதன்மேல் கடுக்காய்கள் தகரத்தில் விழுந்தன. தண்ணீர் வந்தது. தண்ணீருக்கு நடுவில் என் குரல்.

இருபத்திரண்டு வயதுக் குரல், அழுதுகொண்டு: "எனக்குக் காதே இல்லடி. நான் எழுதறது ஒவ்வொன்னும் நீ கேட்டது. நான் உன்கிட்டேர்ந்து எடுத்துக்கினு கீறேன். மெட்ராஸ் போனதும் மொத காரியமா எழுதிடறேன், எல்லாம் உன்னுதுன்னு, உன் பேரப் போட்டு."

அதற்கு நீ: "சரிடி. அழாத. தண்ணியக் கேளு."

அதன் பிறகு கடைசிவரை ஃபேன் காற்றில் ஈர பேனர் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும்தான். அது காய்ந்து காய்ந்து லேசாகிக்கொண்டே போகிறது. இத்தனை வருடம் நான் எழுதிய எதையும்விடப் பெரிய வேலை அந்த நாற்பத்தொரு நிமிஷம். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் நின்றபோது பக்கத்து சீட்டுக்காரர், உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார்.

நீ என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறாய். நான் கொடுத்த வாக்கை நானே கேட்டுவிட்டு, ஜாஸ்தியாகப் படுகிறது, எடுத்துவிடு என்று சொன்னதாக நீ எடுத்துக்கொண்டாய். வேறெப்படி எடுத்துக்கொள்ள முடியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னை என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நான் கேட்டபடி என்னை வெளியே எடுத்துவிட்டாய்.

அடுத்த வாரமே மறுபடி கருணாபுரம் போனேன். உன் தங்கையை உட்காரவைத்து அந்த இரண்டு நிமிஷத்தைப் போட்டுக் காட்டினேன். உன் குரல் வந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அன்று நான் கேட்கவே இல்லை, கேட்டதாகப் பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன். இதைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து வெளியிடச் சொல்லு, என் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை அவள் பார்த்திருக்க வேண்டும்.

"வேணாங்க்கா," என்றாள். "இப்ப அத போட்டா உங்களுக்குத்தான் பாரம் கொறையும். எங்கக்கா உங்களுக்காகத்தான் அத எடுத்துச்சி. இப்பவும் உங்களுக்காகவே திரும்ப வைக்கச் சொல்றீங்க."

 அவள் காபி போட எழுந்துபோனாள்.

உன் பதிவு அந்த மௌனத்தோடேயே வெளிவந்தது. அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் பலரும் புகழ்கிறார்கள். அதைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இன்னும் பதில் போடவில்லை. என் பழைய கட்டுரைகள் எல்லாவற்றிலும், 'கேட்டதும் படமும்' என்று போட்டு உன் பெயரைச் சேர்த்தேன். மூன்று நாள் ஆயிற்று. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்த அருவிப் பேச்சு என் போனில் இருக்கிறது. யாருக்கும் அனுப்ப எனக்கு உரிமை இல்லை. அழிக்கவும் கை வரவில்லை. அவ்வப்போது போட்டுக் கேட்கிறேன். மெட்ராஸ் போனதும் மொத காரியமா என்று அந்த இருபத்திரண்டு வயதுப் பெண் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாள். கேட்கிற எனக்கே நம்பிவிடத் தோன்றுகிறது. நீ நம்பியதில் தப்பே இல்லை.